எழும்பூர் மியூசியத்தையும் கீழடி மாதிரி மாற்றிவிட்டால் என்ன? (விவாத இழை)

ஜனவரி 5, ஒரு வாசகரின் கேள்வி

லீவுக்குப் பிள்ளைகளை எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போனேன். போன மாதம்தான் கீழடி பார்த்துவிட்டு வந்தார்கள், அதனால் வழி முழுக்க ஒப்பீடு. "இங்கே எதுவுமே நகரலையேப்பா" என்கிறான் சின்னவன். மரப்பெட்டி, மங்கிய லேபிள், பெரிய பெரிய கூடம். பழையதை எல்லாம் எடுத்துவிட்டு மொத்தமாக நவீனமாக்கினால் யாருக்கு என்ன நஷ்டம்? விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஜனவரி 5, இரவு

நான் காட்சிப்பெட்டி செய்கிறவன். கண்ணாடி, பிரேம், பீடம், உள்விளக்கு, எல்லாம் எங்கள் பட்டறை வேலை. சின்ன மியூசியங்கள், கோயில் காட்சியறைகள், கல்லூரிகள் என்று கொஞ்சம் செய்திருக்கிறேன். ஆகவே "புதுப்பிக்காதீர்கள்" என்று நான் சொன்னால் என் வீட்டிலேயே சிரிப்பார்கள். எனக்கு அடுப்பு எரிவதே புதுப்பிப்பதால்தான்.

ஆனால் "மொத்தமாக" என்ற இடத்தில் எனக்குக் கை நடுங்கும். காரணம் அமராவதிக் கூடம். நாளை எழுதுகிறேன்.

ஜனவரி 6

எழும்பூரில் அமராவதிச் சிற்பக் கூடத்துக்குப் போனீர்களா? பிள்ளைகள் அங்கே நின்றிருக்க மாட்டார்கள், சரி. ஆந்திரத்தில் கிருஷ்ணா நதிக்கரையில் இருந்த பௌத்த மகாசைத்தியத்தின், அதாவது பெரிய ஸ்தூபத்தின், கற்பலகைகள் அவை. இரண்டாயிரம் வருஷப் பழசு. பளிங்கு என்பார்கள், உண்மையில் ஒருவகைச் சுண்ணாம்புக்கல். வெள்ளைக்காரர்கள் தோண்டி, வண்டியிலும் படகிலும் ஏற்றி மெட்ராசுக்குக் கொண்டுவந்தார்கள். 1845-ல் கம்பெனி அதிகாரி வால்டர் எலியட் தோண்டியதில் பெரும்பகுதி வருஷக்கணக்கில் மெட்ராஸ் வெயிலிலும் மழையிலும் கிடந்தது. அப்புறம் அதில் ஒரு பங்கு லண்டனுக்குக் கப்பல் ஏறியது.

எழும்பூரில் தங்கியவற்றுக்கும், 1880-களில் தொல்லியலாளர் ஜேம்ஸ் பர்ஜெஸ் காலத்தில் வந்து சேர்ந்தவற்றுக்கும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஒரு கூடம் அமைத்தார்கள். பலகைகளைச் சுவரிலேயே பதித்து, சுற்றிலும் சிமெண்ட் பூசி நிறுத்தினார்கள். அன்றைக்கு அதுதான் நவீனம். சிமெண்ட் என்பது அப்போது புதுச் சரக்கு. கல் விழாது, திருடு போகாது, வரிசையாகப் பார்க்கலாம். திறப்பு விழாவில் எல்லோரும் கைதட்டியிருப்பார்கள்.

இப்போது அதன் விளைவைப் பாருங்கள். சுவர் ஈரத்தை இழுக்கும். சிமெண்டில் உப்பு உண்டு. ஈரம் அந்த உப்பைக் கரைத்துக் கல்லுக்குள் கொண்டுபோகும். வெயில் காலத்தில் ஈரம் காயும்போது உப்பு படிகமாகிக் கல்லின் மேல்தோலை உள்ளிருந்தே தள்ளும். செதுக்கிய பூ, முகம், விரல் எல்லாம் மாவாக உதிரும். கிருஷ்ணா ஆற்றங்கரை மண்ணுக்குள் அத்தனை நூற்றாண்டு தாங்கிய கல்லுக்கு நூற்று முப்பது, நூற்று நாற்பது வருஷத்து நவீனச் சுவர் எமனாகிவிட்டது.

இதை நான் குறையாகச் சொல்லவில்லை. அன்றைக்கு இருந்தவர்கள் அக்கறையோடுதான் செய்தார்கள். எனக்குப் பயம் தருவது அந்த அக்கறைதான்.

ஜனவரி 6, பின்னிரவு

"சுவரை உடைத்துக் கல்லை எடுத்துவிட வேண்டியதுதானே" என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

சிமெண்ட் கல்லைவிடக் கெட்டி. உளி சிமெண்டில் பட்டால் அதிர்ச்சி கல்லுக்குப் போகும், கல்தான் முதலில் பிளக்கும். அங்குலம் அங்குலமாகச் சுரண்ட வேண்டும். சுண்ணாம்புக் காரையில் பதித்திருந்தால் இந்தப் பாடு இல்லை, காரை கல்லைவிட மென்மை, வருடினாலே உதிரும். நம் கோயில் கட்டிய பழைய கொத்தனாருக்கு இது தெரியும். புதுச் சரக்கு கையில் வந்ததும் தெரிந்ததை மறந்துவிடுவது எல்லாக் காலத்திலும் நடக்கிறது.

ஜனவரி 7

லண்டனுக்குப் போன பாதி என்ன ஆச்சு என்று கேட்டவருக்கு.

அங்கேயும் சுகமாக இல்லை. ஒரு வண்டிக் கொட்டகையில் கிடந்ததைக் கட்டிடக்கலை வரலாற்றாளர் ஜேம்ஸ் ஃபெர்குசன் தேடிப்பிடித்து வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார், அது 1867. 1880 வாக்கில் பிரிட்டிஷ் மியூசியத்துக்கு வந்து, பிரதான மாடிப்படியின் சுவர்களில் ஏறின. லண்டன் நிலக்கரிப் புகை என்ன லட்சணம் என்று நான் சொல்ல வேண்டாம். சுண்ணாம்புக்கல்லுக்கும் அமிலக் காற்றுக்கும் ஆகவே ஆகாது. கடைசியில் இறக்கி, கிடங்கில் வைத்து, 1992-ல்தான் குளிர்பதனம் செய்த தனிக் கண்ணாடி அறை கட்டினார்கள். 2017-ல் அதையும் மறுபடி மாற்றி அமைத்தார்கள்.

ஒரே ஸ்தூபத்துக் கல். ஒரு பாதி இங்கே சுவருக்குள், மறுபாதி அங்கே கண்ணாடிக்குள். கண்ணாடி அறை பிரிட்டிஷ்காரர்களின் புத்திசாலித்தனம் என்று நினைக்காதீர்கள். அவர்களும் முதலில் சுவரில்தான் ஏற்றினார்கள். வித்தியாசம், பிற்பாடு அவர்களால் கழற்றி இறக்க முடிந்தது. அவ்வளவுதான். (கல்லைத் திருப்பிக் கொடுக்கிற விவாதத்தை இங்கே ஆரம்பிக்காதீர்கள். அதற்குத் தனி இழை திறங்கள், அங்கே வந்து சண்டை போடுகிறேன்.)

ஜனவரி 9

கேள்வி கேட்டவர் தனிச்செய்தியில் கொஞ்சம் கோபமாக எழுதியிருக்கிறார். நான் கேட்டது சிமெண்டைப் பற்றி இல்லை, தொடுதிரை, ஒளி, ஒலி பற்றி என்று.

நியாயம். தொடுதிரைக்கு வருகிறேன்.

ஊர் பெயர் வேண்டாம், ஒரு சின்னக் காட்சியறை. நாங்கள் பெட்டி செய்தோம், வேறொரு குழு திரைகள் வைத்தது. திறப்பு நாளில் பிரமாதம். ஓலைச்சுவடி விரலால் புரள்கிறது, அதட்டலான குரலில் வரலாறு வருகிறது. பிள்ளைகள் திரையை விட்டு நகரவில்லை. திரைக்கு ஒன்றரை அடி பின்னால் அசல் சுவடி என் பெட்டிக்குள் இருந்தது. ஒருவரும் அதைப் பார்க்கவில்லை. பொறாமைதான், ஒப்புக்கொள்கிறேன்.

அடுத்த வருஷம் கண்ணாடி மாற்றப் போனேன். மூன்று திரையில் இரண்டின்மேல் "பழுது" என்று தாள் ஒட்டியிருந்தார்கள். மூன்றாவதில் விண்டோஸ் அப்டேட் ஓடிக்கொண்டிருந்தது. காவலரிடம் கேட்டேன், "பராமரிப்பு ஒப்பந்தம் முடிஞ்சிடுச்சு சார்" என்றார். திரை வாங்கத் திட்டத்தில் பணம் இருந்தது, திரையை வைத்துக் காப்பாற்ற அடுத்த ஆண்டு நிதியில் இடமில்லை. பெட்டியும் சுவடியும் அப்படியே இருந்தன. அன்றைக்கும் அவற்றை யாரும் பார்க்கவில்லை, அது வேறு விஷயம்.

ஜனவரி 9, கொஞ்ச நேரம் கழித்து

மேலே எழுதியதைப் படித்துப் பார்த்தால் திரை என்றாலே எனக்கு ஆகாது என்பதுபோல் இருக்கிறது. அப்படி இல்லை. ஒரு பழைய கதை சொன்னால் விளங்கும்.

பாரிசில் சிற்பி ரொடான் நடராஜரைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார், 1921-ல் அச்சேறியது. அதற்குள் அவர் காலமாகிவிட்டார். அவர் மெட்ராஸ் வந்ததே கிடையாது. சென்னை அருங்காட்சியகத்து நடராஜரின் புகைப்படங்களை வைத்துக்கொண்டு எழுதியது அது. திருவாலங்காட்டு நடராஜர், இப்போதும் எழும்பூர் வெண்கலக் கூடத்தில் நிற்பவர். பக்கவாட்டில் ஒரு படம், கால் மட்டும் ஒரு படம், முகம் ஒரு படம். கூட்டத்தில் இடித்துக்கொண்டு பார்க்கிற நமக்குக் கிடைக்காத கோணங்கள் அவருக்குக் கிடைத்தன.

அன்றைய தொழில்நுட்பத்தில் அதுதான் தொடுதிரை. ஆகவே திரை, படம், முப்பரிமாண ஸ்கேன் எல்லாம் இருக்கட்டும். பின்பக்கத்தைக் காட்டட்டும், பீடத்தின் அடியைக் காட்டட்டும், கண்ணுக்கு எட்டாத எழுத்தைப் பெரிதாக்கட்டும். பொருளின் பக்கம் தள்ளுகிற திரை நல்ல திரை. நடராஜர் பக்கத்திலேயே நடராஜர் கார்ட்டூன் ஓடுகிறது என்றால் அதற்கு யூடியூப் போதும், எழும்பூர் வரைக்கும் ரயில் டிக்கெட் எதற்கு?

ஜனவரி 10

வெண்கலக் கூடம் என்றதும் சிலர் "அங்கே ஏன் அவ்வளவு குளிர்?" என்று கேட்கிறார்கள்.

உங்களுக்காகப் போட்ட ஏசி இல்லை அது, சிலைக்காக. செம்பு கலந்த பொருளில் குளோரைடு உப்பு உள்ளே இருந்தால், காற்றில் ஈரம் ஏறும்போது இளம்பச்சையாகப் பொடி கிளம்பும். அழகான கரும்பச்சைக் களிம்பு வேறு, இந்தப் பொடி வேறு. இது வெண்கலத்துக்கு வந்த வியாதி, உள்ளே தின்றுகொண்டே போகும். மண்ணுக்குள் புதைந்து கிடந்து எடுத்த சிலைகளில் அதிகம். ஈரப்பதத்தைக் குறைத்து, ஏற்ற இறக்கம் இல்லாமல் வைத்திருந்தால் அடங்கிக் கிடக்கும். கடல் பக்கத்து ஊரில், ஐப்பசி கார்த்திகையில், இது லேசான காரியம் இல்லை. பகலில் ஏசி ஓட்டி ராத்திரி நிறுத்துவது இருப்பதிலேயே மோசம். அதற்குப் பேசாமல் ஜன்னலைத் திறந்து வைக்கலாம்.

எல்லோரும் அறிய வேண்டிய செய்தி ஒன்று. இந்த வியாதிக்கு மருத்துவம் பார்க்கவென்றே எழும்பூரில் 1930-ல் ஒரு வேதியியல் ஆய்வகம் தொடங்கினார்கள். எஸ். பரமசிவன் என்ற வேதியியலாளர் மின்சாரம் பாய்ச்சும் மின்பகுப்பு முறையில் வெண்கலங்களை மீட்டார். தஞ்சைப் பெரிய கோயில் ஓவியங்களையும் அவர் ஆராய்ந்திருக்கிறார். இந்திய அருங்காட்சியகங்களில் இப்படியான முதல் முயற்சிகளில் ஒன்று அது. என்னைக் கேட்டால் எழும்பூரில் நடந்த மிகப் பெரிய நவீனமயம் அந்த ஆய்வகம்தான். பார்வையாளர் ஒருவர் கண்ணிலும் படாது. ரிப்பன் வெட்டிப் படம் எடுக்க அங்கே ஒன்றும் இல்லை, நாலு தொட்டியும் கம்பியும்தான்.

ஜனவரி 10, இரவு

விளக்கைப் பற்றி ஒரு வரி என்று ஆரம்பிக்கிறேன், நீளும்.

கூடம் இருட்டு என்று சிலர் திட்டுகிறார்கள் இல்லையா? கல்லுக்கும் உலோகத்துக்கும் எவ்வளவு வெளிச்சம் வேண்டுமானாலும் போடலாம், ஒன்றும் ஆகாது. துணி, காகிதம், ஓலை, நீர்வண்ண ஓவியம், இறகு, பாடம் செய்த விலங்கின் தோல், இவற்றுக்கு 50 லக்ஸ் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு) என்பதுதான் உலக வழக்கம். சாயங்கால வீட்டு வெளிச்சம் அளவு. உங்கள் சின்னவனுக்கு அது இருட்டாகத்தான் தெரியும். வெளிச்சம் சாயத்தைத் தின்னும், தின்றது திரும்பாது. பழைய டியூப் லைட்டில் புற ஊதாக்கதிர் வேறு. எல்இடி வந்தது இந்தத் தொழிலுக்குப் பெரிய வரம், சூடும் குறைவு, புற ஊதாவும் அநேகமாக இல்லை. ஒரு கூடத்தில் டியூபைக் கழற்றி நல்ல எல்இடி போட்டாலே பாதி நவீனமயம் முடிந்தது. ஆனால் டெண்டரில் அது ஒரு வரி. திரைக்கு ஒரு பக்கம்.

ஜனவரி 12

கீழடியை நான் குறை சொல்வதாக இரண்டு பேர் வரிந்துகட்டி வந்துவிட்டார்கள். எங்கே சொன்னேன்?

கீழடி அருங்காட்சியகம் 2023 மார்ச் 5-ல் திறந்தது. செட்டிநாட்டு வீட்டுப் பாணியில் முற்றம், தூண், ஓடு என்று கட்டியிருக்கிறார்கள். நான் போனபோது ஒரு பாட்டி பானை ஓட்டுக் கீறல்களுக்கு முன்னால் குனிந்து நின்று, பேரன் வாசிப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தார். சின்னப் பொருள்கள்தான் அங்கே எல்லாம்: மணி, தாயக்கட்டை, சீப்புத் துண்டு, எழுதிய ஓடு. சின்னப் பொருளுக்குப் பக்கத்தில் விளக்கம் வேண்டும், படம் வேண்டும், இல்லையென்றால் ஓட்டாஞ்சில்லாகத்தான் தெரியும். அங்கே நவீனக் காட்சி முறை பொருந்துகிறது, ஏனென்றால் கட்டிடமே அந்தப் பொருளுக்காகப் பிறந்தது. எழும்பூர் அப்படி இல்லை. 1851-ல் தொடங்கி, வேறு கட்டிடத்திலிருந்து 1854-ல் பாந்தியன் வளாகத்துக்கு வந்து, பிறகு ஆளாளுக்கு ஒரு கட்டிடம் சேர்த்த இடம். புதைபடிவம், நாணயம், திமிங்கலம், நடராஜர், ரவிவர்மா எல்லாம் ஒரே வளாகத்தில். ஒரு மருந்தை எல்லோருக்கும் கொடுக்க முடியாது.

ஆதிச்சநல்லூர் அதைவிடச் சுவாரசியம். தோண்டிய குழியின்மேலேயே கண்ணாடி போட்டு, உள்ளே தாழிகளை இருந்த இடத்திலேயே பார்க்க வைத்திருக்கிறார்கள், 2023 ஆகஸ்டிலிருந்து. பெட்டிக்குள் எடுத்து வைத்த தாழிக்கும் மண்ணுக்குள் நிற்கிற தாழிக்கும் எவ்வளவு தூரம் என்று அங்கே போனால் தெரியும். ஆனால் மண்குழிமேல் கண்ணாடி என்பது உலகம் முழுக்கத் தலைவலி பிடித்த வேலை. மண் மூச்சு விடும், கண்ணாடியின் உள்பக்கம் வியர்க்கும், பாசி பிடிக்கும். காற்றோட்டத்தைத் தினமும் கவனிக்க ஆள் வேண்டும். நூறு வருஷம் முன்னால் தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ அங்கே தோண்டியதில் பெரும்பாலானவை எழும்பூரில், அதற்கு முன் ஜெர்மானியர் யாகோர் 1876-ல் எடுத்தவை பெர்லினில். ஊரில் இருப்பது ஊரில் நிற்பதே பெரிய மாற்றம்தான்.

ஜனவரி 13

பழைய காட்சி முறையே ஒரு சரித்திரம், அதை அழிக்கக்கூடாது என்று ஒரு ஆய்வு மாணவர் நன்றாக எழுதியிருக்கிறார். ஆக்ஸ்ஃபோர்டின் பிட் ரிவர்ஸ் அருங்காட்சியகத்தை உதாரணம் காட்டுகிறார். 1884-ல் தொடங்கியது. இன்றைக்கும் நெருக்கியடித்த பெட்டிகள், கையால் எழுதிய குட்டி லேபிள்கள், மங்கிய வெளிச்சம். நாடுவாரியாக இல்லாமல் பொருள்வாரியாக: பூட்டு எல்லாம் ஓரிடம், படகு எல்லாம் ஓரிடம். அதைப் பார்க்கவே கூட்டம் போகிறது.

அதே மியூசியம்தான் 2020-ல் தென் அமெரிக்கச் சுருக்கிய தலைகள் உட்பட மனித உடற்பகுதிகளைக் காட்சியிலிருந்து எடுத்தது. அவைதான் அங்கே பிரபலம், கூட்டம் இழுத்த சரக்கு. பெட்டியைத் தொடவில்லை, உள்ளே இருந்ததைத் திரும்ப யோசித்தார்கள். நவீனமயம் என்றால் இதையும்தான் எண்ணுகிறேன். ஒரு ஸ்பாட் லைட்டும் வாங்காமல் செய்யலாம்.

நம் பக்கம் வாருங்கள். எட்கர் தர்ஸ்டன் 1885 முதல் 1908 வரை எழும்பூரின் கண்காணிப்பாளர். தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றி ஏழு தொகுதி போட்டவர், ரங்காச்சாரி துணையோடு. அளவுகோலும் இடுக்கியும் வைத்துக்கொண்டு ஆட்களின் மூக்கு, தலை எல்லாம் அளந்தார். மியூசியம் பார்க்க வந்தவர்களையும் விடவில்லை. பொருளைப் பார்க்க வந்தவனே அங்கே பொருளாகிப் போனான். அந்தப் பார்வையில் உருவான மானிடவியல் காட்சிகளை "பழமை, தொடாதே" என்று அப்படியே விட்டால் நம் தாத்தாவைப் பெட்டிக்குள் வைத்த கதைதான். ஆகவே மாணவருக்கு என் பதில்: பெட்டியை வைத்துக்கொள்ளுங்கள், லேபிளை மாற்றுங்கள். பழைய லேபிளைக் கிழித்துவிடாமல் பக்கத்திலேயே, "இப்படித்தான் ஒரு காலத்தில் எழுதினார்கள்" என்று காட்டுங்கள்.

ஜனவரி 14

லேபிள் பேச்சு எடுத்ததால் இன்னொன்று. பொருள் எப்படி வந்தது என்பதை லேபிளில் போட வேண்டும். ஸ்ரீபுரந்தான் நடராஜரை ஆஸ்திரேலிய தேசிய கலைக்கூடம் 2008-ல் பல மில்லியன் டாலர் கொடுத்து வாங்கி வைத்தது. காட்சியில் ஒரு குறை சொல்ல முடியாது, விளக்கு, பீடம், பின்சுவர் வண்ணம் எல்லாம் உலகத்தரம். அரியலூர்ப் பக்கத்துக் கோயிலில் திருடியது என்பது மட்டும் லேபிளில் இல்லை. 2014-ல் திரும்பி வந்தார். திரும்பி வந்தவர் ஊர்க் கோயிலில் பாதுகாப்பு இல்லை என்று கும்பகோணத்தில் சிலைப் பாதுகாப்பு மையத்துக்குப் போனார். உலகத்தரக் காட்சியிலிருந்து பூட்டிய அறைக்கு. இதற்கு என்ன தீர்வு என்று யாராவது சொன்னால் கேட்கத் தயார். ஊர்க்காரருக்குச் சாமி, போலீசுக்குச் சொத்து, நமக்குக் கலை.

எழும்பூர் வெண்கலக் கூடத்தில் செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொள்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். எந்த வடிவமைப்பாளரும் அவர்களுக்காக வரைபடம் போட்டதில்லை.

ஜனவரி 17

இன்றைக்குக் காணும் பொங்கல், இழை அமைதியாகக் கிடக்கிறது, எல்லோரும் கடற்கரையில் போல.

காணும் பொங்கலன்று மியூசியத்துக்குக் கூட்டம் கூட்டமாகப் போவது தர்ஸ்டன் காலத்திலேயே உண்டு. கட்டுச்சோறு கட்டிக்கொண்டு குடும்பத்தோடு வந்து, "செத்த காலேஜ்" என்ற மியூசியத்தைப் பார்த்துவிட்டு, "உயிர் காலேஜ்" என்ற மிருகக்காட்சிசாலைக்குப் போவார்கள். மிருகங்கள் 1985-ல் வண்டலூர் போய்விட்டன. செத்த காலேஜ் மட்டும் அசையவில்லை. பொது இடத்தில் முகம் காட்டாத கோஷாப் பெண்களுக்கென்று தனி நாள் ஒதுக்கியதும் அந்தக் காலத்தில் நடந்திருக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாத ஆயிரக்கணக்கான பேர் ஒரு லேபிளும் படிக்காமல் சந்தோஷமாகப் பார்த்துப் போன இடம் அது. அவர்கள் தங்களுக்குள் கதை சொல்லிக்கொண்டார்கள். "ஊடாடும் காட்சி" என்று இப்போது திட்ட அறிக்கையில் எழுதுகிறார்களே, அதை அவர்கள் கரண்ட் இல்லாமல் நடத்தினார்கள்.

ஜனவரி 19

கேள்வி கேட்டவரின் சின்னவன் மறுபடி: "திமிங்கலம் மட்டும் பிடிச்சுது" என்று சொன்னானாம்.

பார்த்தீர்களா? அதுவும் நகரவில்லை. அது வெறும் எலும்புக்கூடு.

லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் 2017-ல் தன் முன்கூடத்தில் நின்ற டைனோசர் வார்ப்பை எடுத்துவிட்டு, ஒரு நீலத் திமிங்கல எலும்புக்கூட்டைக் கூரையிலிருந்து தொங்கவிட்டது, வாய் திறந்து பாய்கிற நிலையில். எலும்பு பழையது, அவர்களிடம் நூறு வருஷத்துக்கு மேலாக இருந்ததுதான். முன்னால் வேறொரு கூடத்தில் கிடைமட்டமாக நேராகத் தொங்கியது. கோணத்தை மாற்றினார்கள், முன்னிடம் கொடுத்தார்கள், அதற்கே கூட்டம் அண்ணாந்து நிற்கிறது. இங்கேயும் அப்படி ஒன்று செய்யலாம். செலவு உண்டு, ஆனால் ஐந்து வருஷத்தில் அப்டேட் கேட்காது.

ஜனவரி 20

யாரும் கேட்காத விஷயம், நானே எழுதுகிறேன்: தீ.

டெல்லியில் தேசிய இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் 2016 ஏப்ரலில் எரிந்தது. ரியோவில் பிரேசிலின் தேசிய அருங்காட்சியகம் 2018 செப்டம்பர் 2 இரவு எரிந்தது, இருநூறு வருஷச் சேகரிப்பு, பக்கத்துக் குழாய்களில் தண்ணீர் வரவில்லை. பழைய கட்டிடத்தில் புது ஏசி, புதுத் திரை, புது விளக்கு எல்லாவற்றையும் பழைய ஒயரில் மாட்டுவது எனக்குத் தூக்கம் கெடுக்கும் காட்சி. ஸ்விட்ச் போர்டு சூடாக இருந்தால் கையெடுத்துக் கும்பிட்டு வேலையை நிறுத்தச் சொல்வேன். ஒயரிங்கை முதலில் மாற்றச் சொன்னால் "அதற்குத் தனி டிபார்ட்மெண்ட்" என்பார்கள்.

ஜனவரி 21

"எல்லாம் சரி, நீங்கள் என்னதான் சொல்ல வருகிறீர்கள்?" என்று கேட்டவருக்கு, ஒரு தாடிக் கதை.

2014-ல் கெய்ரோவில் பழைய எகிப்திய மன்னன் துத்தன்காமனின் தங்க முகமூடியில் தாடி கழன்றுவிட்டது. அவசரத்தில் எபாக்சி போட்டு ஒட்டினார்கள். நம் ஊர் அரால்டைட் இனம். பிடித்தால் விடாது. கோணல், மஞ்சள் பசை வழிந்து தெரிந்தது, சுரண்டியதில் கீறல் வேறு. 2015-ல் ஜெர்மன் மீட்பு வல்லுநர் ஒருவர் வந்து அந்தப் பசையை மரக்குச்சியால் வாரக்கணக்கில் எடுத்து, தேன்மெழுகில் மறுபடி ஒட்டினார். ஏன் தேன்மெழுகு? பழைய எகிப்தியர்களும் அதைப் பயன்படுத்தினார்கள், முக்கியமாக, நாளைக்கு எடுக்க வேண்டுமானால் இளஞ்சூட்டில் எடுத்துவிடலாம்.

அந்த முகமூடி இப்போது கீசாவில் பிரமிடுகளுக்குப் பக்கத்தில் பிரம்மாண்டமான புது அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கட்டிடத்தைப் பற்றி உலகமே பேசுகிறது. எனக்கு அந்தத் தேன்மெழுகுதான் ஞாபகம் வருகிறது.

எந்த மாற்றத்தையும் நான் இந்த ஒரு கேள்வியால்தான் அளக்கிறேன்: பின்னால் வருகிறவன் பொருளுக்குச் சேதம் இல்லாமல் இதைக் கழற்ற முடியுமா? தொடுதிரை கழற்ற முடியும், ஆகவே அது பழுதானால் எனக்கு எரிச்சல் மட்டும்தான், பயம் இல்லை. சிமெண்டைக் கழற்ற முடியாது. பழைய தேக்குப் பெட்டியை உடைத்து விறகாக்கினால் திரும்பாது. தேங்காய் எண்ணெயும் பிராசோ பாலீஷும் போட்டு வெண்கலத்தை மினுக்கினால் போன களிம்பு திரும்பாது. (செய்திருக்கிறார்கள். ஊர் பெயர் கேட்காதீர்கள்.)

ஜனவரி 21, இரவு

தேக்குப் பெட்டி என்றதும் கேட்கிறார்கள். எல்லா மரமும் கொஞ்சம் அமில ஆவி விடும். ஓக் மிக மோசம். பிளைவுட்டும், மரத்தூளை அழுத்திச் செய்த எம்டிஎஃப் பலகையும் பசையோடு வருவதால் அதுவும் மோசம். மூடிய பெட்டிக்குள் அந்த ஆவி சேர்ந்தால் ஈயக் காசு வெள்ளைப் பொடியாகும், சங்கு, சிப்பி மேலே உப்புப் பூத்து மங்கும். நூறு வருஷம் காய்ந்த பழைய தேக்கைத் தூக்கிவிட்டுப் புத்தம்புது எம்டிஎஃப் பெட்டிக்குள் சிப்பிகளை வைத்தால், பார்க்கப் பளபளப்பு, உள்ளே சிப்பி சாகும்.

ஜனவரி 24

ஒரு அரசுப் பள்ளி ஆசிரியை, பள்ளியில் சின்னதாகக் காட்சியறை வைக்கப் போகிறார்களாம், ஊர்ப் பக்கத்தில் கிடைத்த பானை ஓடுகள், பழைய காசு, ஏர், உழக்கு, மரக்கால். என்ன பெட்டி வாங்கலாம் என்று கேட்டார்.

டீச்சர், முதலில் காசும் ஓடும் எங்கே கிடைத்தது என்று தேதியோடு நோட்டில் எழுதி, தொல்லியல் துறைக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். பெட்டிக்கு பவுடர் கோட்டிங் செய்த இரும்பு அல்லது அலுமினிய பிரேம், மேலே டஃபன்ட் கண்ணாடி. அடித்தளத்துக்குக் கண்ணாடியே போதும், எம்டிஎஃப் வேண்டாம், வெல்வெட் துணியும் வேண்டாம், சாயம் இறங்கும். துவைத்துக் கஞ்சி போடாத வெள்ளைப் பருத்தித்துணி விரியுங்கள். ஃபெவிகால், செல்லோடேப் எதையும் பொருளில் தொடவிடாதீர்கள். எண் எழுத வேண்டுமானால் நூலில் அட்டை கட்டுங்கள். எல்இடி பட்டையைப் பெட்டிக்கு வெளியே ஒட்டுங்கள். ஜன்னல் வெயில் படாத சுவர். ஈரத்தை உறிஞ்ச சிலிகா ஜெல் ஒரு கிண்ணத்தில், நிறம் மாறினால் வாணலியில் வறுத்துத் திரும்ப வைக்கலாம், சமையலுக்கு எடுக்காத வாணலியில். மரக்காலையும் உழக்கையும் பெட்டிக்குள் பூட்டாதீர்கள், பிள்ளைகள் கையில் கொடுத்து அரிசி அளக்கச் சொல்லுங்கள். ஏருக்குக் கரையான் வரும், தரையில் வைக்காமல் செங்கல்மேல் தூக்கி வையுங்கள், மாசம் ஒருமுறை அடியில் பாருங்கள். அளவு அனுப்பினால் பிரேமுக்கு வரைபடம் போட்டுத் தருகிறேன், உங்கள் ஊர் வெல்டரே செய்துவிடுவார். எல்லாம் திருகாணி, ஒன்றும் வெல்டு வேண்டாம் என்று மட்டும் அவரிடம் சொல்லிவிடுங்கள், கோபித்துக்கொள்வார்.